கதவடியில் ஒரு காகிதத் துண்டு

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் 'கதவு சிஸ்டர்' என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தோடு ஒன்றும் வைக்கவில்லை. மூன்றாம் மாடி வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் லிஃப்டை விட்டு இறங்கும்போதே, "கதவை மூடிட்டு வா, இல்லேன்னா அந்தம்மா உயிரை எடுத்திரும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சொன்ன வாயோடு கதவைத் திறந்து போட்டுவிட்டும் போவார்கள்.

நான் அவளுடைய நாத்தனார். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, "இங்க இல்லீங்க, கீழ கையெழுத்துப் போடுங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். மனிதர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்பதில் மட்டும் எனக்கும் அண்ணிக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. மற்றபடி ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருக்கிறோம், அதற்குரிய சண்டைகள் எல்லாம் உண்டு.

வீட்டிலும் அவளுக்கு இதே பாட்டுத்தான். யாராவது தும்மினால் உடம்புக்கு என்ன என்று கேட்கமாட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்காரச் சொல்வாள். சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, வாசல் கதவு என்று ஒவ்வொன்றுக்கும் எப்போது திறந்திருக்க வேண்டும், எப்போது மூடியிருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. காரணம் சொல்லமாட்டாள். வார்டில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்து வருகிறவளுக்கு வீட்டில் சொல்வதற்கு ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கும்.

"கதவு!"

எந்த மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தாலும் என் அண்ணன் எழுந்துவிடுவான். அவன் பஸ் பட்டறையில் மெக்கானிக். அங்கே நாலு பேரை மேய்க்கிறவன், வீட்டில் இந்த ஒரு வார்த்தைக்குப் பெட்டிப் பாம்பு. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் இறங்கிப் போய், பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். "கல்யாணம் பண்ணி நீ கத்துக்கிட்டது இது ஒண்ணுதானா அண்ணா?" என்று நான் கேலி செய்தால், "இது போதும், இதுவே நிம்மதி" என்பான்.

அந்த மூன்றாம் மாடியைப் பற்றிச் சொன்னால்தான் அண்ணியின் எரிச்சல் புரியும். நீளமான ஒரே நடை. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்ததாம். ஆஸ்பத்திரி என்றால் ஹோட்டல் போல் இருக்க வேண்டும் என்று நினைத்த யாரோ ஒரு புண்ணியவான், ஜன்னலையெல்லாம் கண்ணாடி போட்டு அடைத்து, முழுக்க ஏசி வைத்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒருவர் இருமினால் அந்த இருமல் போக வழியில்லாமல் அங்கேயே உலாத்துகிறது. நடையின் ஒரு முனையில் லிஃப்ட். ஊரிலுள்ள சளியெல்லாம் அதில் ஏறித்தான் மேலே வரும். மறு முனையில் 'கடைசி ரூம்'.

காற்றில் பரவும் வியாதி வந்தவர்களுக்கான அறை அது. உள்ளே காற்று வருவதற்கு ஒரு குழாய் உண்டு. அதைவிட அதிகமாகக் காற்றை வெளியே இழுப்பதற்கு, கட்டில் தலைமாட்டில் தரையை ஒட்டி ஒரு கம்பிச் சட்டம் உண்டு. அதன் பின்னால் ஓடும் மின்விசிறி, அறைக் காற்றை இழுத்து வடிகட்டி மொட்டை மாடிக்கு மேலே ஊதிவிடும். வரவுக்கு மீறிச் செலவு செய்கிற குடும்பம் எப்போதும் பக்கத்து வீட்டில் கை நீட்டும் அல்லவா, அது போல அந்த அறை எப்போதும் காற்றுக்கு ஆலாய்ப் பறக்கும். கதவடி இடுக்கு வழியாக நடையிலிருந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நடைக் காற்று உள்ளே போகும், உள்காற்று நடைக்கு வராது. இவ்வளவுதான் விஷயம். கதவைத் திறந்து வைத்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

ஆனால் திறந்து வைப்பார்கள். செருப்பை முட்டுக் கொடுப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுப்பார்கள். ஒரு ஆள் தீயணைக்கும் சிலிண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்திருந்தான். அண்ணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க கதவைத் திறந்து வச்சிருக்கீங்க?"

"உள்ள காத்து வரட்டும்னுதான் சிஸ்டர்."

"உள்ள போறதைப் பத்தி இல்லீங்க. உள்ள இருக்குற காத்து வெளிய வரக்கூடாது."

"ரெண்டும் காத்துதானே சிஸ்டர்?"

இதை எங்களிடம் சொல்லிக் காட்டும்போது அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணனும் சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "சிலிண்டரையா? அறிவு கெட்டவன்!" என்றான்.

அந்த அறைக்கு வெளியே சுவரில் ஒரு கருவி உண்டு. காற்று தப்பான பக்கம் போனால் கீச்சென்று கத்தும். ஒவ்வொருவனும் கதவைத் திறந்து திறந்து வைத்ததில் அது கத்திக் கத்தி, சத்தம் தாங்காமல் யாரோ அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, கடைசியில் ரிப்பேராகியே போயிற்று. ஏசி இஞ்சினியர் நல்ல மனிதர். உதிரி பாகம் கேட்டு மேலே எழுதிக்கொண்டே இருந்தார், மேலே இருந்தவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் என்று அவர்தான் அண்ணிக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நாடா மாதிரி கிழித்து, கதவு நிலையின் அடியில் ஒரு முனையை ஒட்டிவிட வேண்டியது.

"உள்பக்கம் சாஞ்சிருந்தா சரி. சும்மா தொங்கினா என்னைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

"வெளிப்பக்கம் ஆடினா?"

"மொதல்ல எல்லாரையும் அங்கேருந்து கெளப்புங்க. அப்பறம் என்னைக் கூப்பிடுங்க."

அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் அண்ணி அந்தக் காகிதத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற காரியம் பார்ப்பாள். வேறு யாரும் பார்ப்பதில்லை. அது கதவு சிஸ்டருடைய கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

வார்டில் ஒரு சின்ன சிஸ்டர் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள், அண்ணி திட்டினால் சிரிப்பாள். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருந்தது. அண்ணி அவளுக்கு மாமியாரை மிஞ்சிய மாமியார் ஆனாள். அப்போது நர்ஸ்கள் மேஜை லிஃப்ட் பக்கம் இருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவள் முகத்துக்கு நேரே இருமினான். அண்ணி ஒருநாள் ஆட்களைக் கூப்பிட்டு, மேஜையை அப்படியே தூக்கி மறு முனைக்குக் கொண்டுபோய், கடைசி ரூம் கதவை ஒட்டிப் போடச் சொன்னாள்.

"என்னக்கா, புலிக் கூண்டு வாசல்ல உட்கார வைக்கிறீங்க?" என்று சின்ன சிஸ்டர் கேட்டாளாம்.

"இந்த மாடியிலேயே சுத்தமான இடம் இதான்டி. காத்து உன்னைத் தாண்டித்தான் உள்ள போகும். உள்ளேருந்து ஒண்ணும் வராது. உன்னை அந்த ரூமுக்குள்ள அனுப்பவும் மாட்டேன். பேசாம உட்காரு."

சின்ன சிஸ்டர் உட்கார்ந்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் என் அண்ணனுக்கு அம்மை போட்டது. ஐம்பது தாண்டிய வயதில் சின்னம்மை! சிறு வயதில் எனக்குப் போட்டபோது, அவனுக்கும் தொற்றிக்கொள்ளப் போகிறதே என்று அம்மா அவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தவன், அந்தப் பாக்கியை இப்போது பட்டறையில் யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தான். பெரியவர்களுக்கு வந்தால் சும்மா விடாது. காய்ச்சல் ஏறி, மூச்சு இரைத்து, நெஞ்சில் இறங்கிவிட்டது. கடைசி ரூமில் சேர்த்தார்கள்.

அண்ணி முதலில் கேட்டது சின்ன சிஸ்டரைத்தான். "உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"இல்லக்கா. மேஜையை நகர்த்திக்கட்டுமா?"

"வேணாம். அங்கேயே இரு. பேப்பரைப் பாரு, எப்படி உள்ள சாயுது. நீ உள்ள மட்டும் போகாதே."

அம்மை போட்டு ஆறிய நர்ஸ்கள் மட்டும் உள்ளே போய் வந்தார்கள். உறவினர்களுக்கு அனுமதி இல்லை. நான் துணியும் கஞ்சியும் கொண்டுபோய் மேஜையில் கொடுத்துவிட்டு, எதிரே பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். கதவுக் கண்ணாடி வழியாக அண்ணன் கை காட்டுவான், பிறகு போனில் புலம்புவான்.

"தலைமாட்டுல ஒரு ஓட்டை இருக்கு. அதுக்குப் பின்னாடி எவனோ உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கிட்டே இருக்கான். பொட்டுத் தூக்கம் இல்ல. காத்து வேற இழுக்குது, உடம்பெல்லாம் எரியுது."

அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்க முடியாதா உங்களால? அதுக்குன்னு கதவைத் திறந்தீங்கன்னு வைங்க, அப்பறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"நான் ஏன் கதவைத் தொடப்போறேன்? உன் கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன்தானே?" என்றான் அவன் ரோஷத்தோடு.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அண்ணனின் புலம்பல் நின்றது. மத்தியானம் நல்லாத் தூங்கினேன் என்றான். காய்ச்சலும் இறங்கி வந்தது. மறுநாள் அண்ணிக்கு வார விடுமுறை. வீட்டில் இருந்தபடியே வார்டுக்குப் போன் போட்டாள். "கதவு மூடியிருக்கா?" என்று கேட்டாள். "மூடியிருக்கு சிஸ்டர்" என்றார்கள். அன்று முழுக்க அவள் நிம்மதியாகத் துணி துவைத்துக் காயப்போட்டதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவளோடு நானும் போனேன். அண்ணி அன்றைக்குக் காகிதத்தைக்கூட மறந்து நேராக ராத்திரி ட்யூட்டி நர்ஸிடம் விவரம் கேட்கப் போய்விட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன சிஸ்டர் மேஜையில் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகவே தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணி வந்தாள்.

"என்னடி காலுக்கு? வீங்கியிருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. இந்தப் பேப்பர்தான். முந்தாநாள் மத்தியானத்துலேருந்து கால்ல பட்டுப் பட்டுக் கூசுது. கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். நீங்க திட்டுவீங்களேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு வழக்கம்போல் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பார்த்தாள். நானும் பெஞ்சிலிருந்து குனிந்து பார்த்தேன். உள்ளே சாய்ந்திருக்க வேண்டிய காகிதம், வெளிப்பக்கம் எழும்பி, சின்ன சிஸ்டரின் குதிகாலைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

"எந்திரி."

"என்னக்கா?"

"எந்திரின்னு சொல்றேன்ல! லிஃப்டைத் தாண்டிப் போ. ஓடாதே, நட. போடி!"

அப்படி ஒரு குரலை அண்ணியிடம் நான் கேட்டதில்லை. சின்ன சிஸ்டர் செருப்பைக்கூடப் போடாமல் போனாள். அண்ணி முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தெளிந்த முகத்தோடு எனக்குக் கை காட்டினான். அண்ணி தலைமாட்டிலிருந்த சின்ன அலமாரியைப் பிடித்து இழுத்தாள். அதன் பின்னால் அந்தக் கம்பிச் சட்டத்தின் மேல், அவனுடைய எக்ஸ்ரே வந்த பெரிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் மருத்துவ டேப். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இடுக்கு இல்லை. பஸ் கண்ணாடிக்கு ரப்பர் போடுகிறவன் கை வேலை. வேலையில் என் அண்ணனைக் குறை சொல்ல முடியாது, பாவி.

வெளியேறும் வழியை அடைத்தாயிற்று. உள்ளே வரும் காற்று நிற்கவில்லை. அது பின்னே எங்கே போகும்? கதவடி வழியாக நடைக்கு வந்திருக்கிறது.

உள்ளே நடந்த பேச்சை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தது. அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"இதை எதுக்கு அடைச்சீங்க?"

"சத்தம் தாங்கல. ஏன்?"

"ஏனா?"

"கதவைத் தொடவே இல்லையே! வேணும்னா கேட்டுப் பாரு. நீ கதவைத்தானே திறக்கக்கூடாதுன்னே? நான் இதையும் சேர்த்து மூடிட்டேன். கூடுதல் பத்திரம்தானே?"

அண்ணி உறையைப் பிய்த்துக் கையில் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவை மூடினாள். காகிதம் மெல்ல உள்பக்கம் திரும்பிச் சாய்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்தார். சின்ன சிஸ்டருக்கு ரத்தம் எடுத்தார்கள். அம்மையை எதிர்க்கும் சக்தி அவள் உடம்பில் இல்லை என்று தெரிந்தது. கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஊசி போட்டார்கள். அதுவும் வராமல் தடுக்கும் என்று சத்தியம் செய்து தரமுடியாதாம், காத்திருந்துதான் பார்க்க வேண்டுமாம். லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"மேஜையை இங்க கொண்டுவந்து போட்டது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் அண்ணி.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம் என்று அண்ணி அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்.

காத்திருந்த நாட்களில் அவள் தினம் சின்ன சிஸ்டருக்குப் போன் போட்டாள். காய்ச்சல் இருக்கா, முதுகைப் பார்த்தியா, புருஷனை விட்டுப் பார்க்கச் சொல்லு. முதலில் அந்தப் பெண்ணே பேசினாள். பிறகு அவள் புருஷன் எடுத்தான். "ஏதாவது இருந்தா நாங்களே சொல்றோம்க்கா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அண்ணன் தேறி வீடு வந்தான். உடம்பெல்லாம் தழும்பு, மற்றபடி குறைவில்லை. வந்தவனுக்கு வீடு பிடிபடவில்லை. சமையலறைக் கதவு திறந்து கிடந்தது, வாசல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே குளியலறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பாட்டுக்குக் காய் நறுக்கினாள். அவன் மாடிக்கு வந்து என்னிடம் அழாக்குறையாகச் சொன்னான்.

"ஒரு வார்த்தை திட்டச் சொல்லேன் அவளை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே நாலு வார்த்தை திட்டினேன். ஆனால் திட்டத் திட்ட எனக்கே சந்தேகம் வந்தது. இவனை என்னவென்று திட்டுவது? சொன்னதைக் கேட்காதவனைத் திட்டலாம். சொன்னதை அப்படியே கேட்டவனை என்ன செய்வது? கீழே போய் அண்ணியிடம் கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு இப்படி இருக்கப்போறீங்க அண்ணி? அவன் தெரிஞ்சா பண்ணினான்?"

"அவர் மேல எனக்கு என்ன கோபம்?" என்றாள் அவள். கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர்கிட்ட கதவைப் பத்தித்தான் பேசியிருக்கேன். காத்தைப் பத்தி ஒருநாளாவது உட்கார வச்சுச் சொன்னேனா? வார்டுல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அன்னிக்குப் போன்ல நான் கேட்டது என்ன? கதவு மூடியிருக்கான்னு. மூடித்தான் இருந்துச்சு."

அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காயை நறுக்கினேன். வேறென்ன செய்ய?

ஆஸ்பத்திரி நிர்வாகம் சும்மா இருக்குமா? கூட்டம் போட்டார்கள். பல வருஷமாக வராத உதிரி பாகம் ஒரே வாரத்தில் வந்து, கருவி மறுபடி கத்த ஆரம்பித்தது. அது ஒன்றுதான் உருப்படி. கூடவே, மூன்றாம் மாடியில் எல்லாக் கதவுகளிலும் கொட்டை எழுத்தில் அட்டை ஒட்டினார்கள். 'கதவை மூடவும்.' அதை வந்து சொல்லும்போது அண்ணி சிரித்தேவிட்டாள். அந்த மாதத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கு அந்த அட்டைகளைப் போய்க் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

சின்ன சிஸ்டருக்கு அம்மை வரவில்லை. டாக்டர் சொன்ன கெடு முழுக்கத் தாண்டி, உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை என்று ஆனபிறகு வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அண்ணன் நெஞ்சுக்கு மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

லிஃப்ட் திறந்தது. அவள் முன்னைவிடப் பெரிய வயிற்றோடு, ஒரு கையை இடுப்பில் கொடுத்தபடி நடந்து வந்தாள். அண்ணியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். அண்ணனிடம், "தழும்பு மறைஞ்சிரும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளிடம் கோபம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடைசி ரூமில் வேறு யாரோ இருந்தார்கள். மேஜையை லிஃப்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் தள்ளிப் போட்டிருந்தாள் அண்ணி. சின்ன சிஸ்டர் மேஜையைத் தாண்டி நேரே கடைசி ரூம் வரைக்கும் போனாள். கதவுக்கு முன்னால் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெதுவாகக் குனிய ஆரம்பித்தாள்.

அண்ணி பதறி ஓடினாள். "ஏய், இந்த வயித்தை வச்சுக்கிட்டுக் குனியாதே. தள்ளு, நான் பார்த்துச் சொல்றேன்."

"வேணாங்கா" என்றாள் சின்ன சிஸ்டர். "நானே பார்த்துக்கறேன்."

அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் குனிந்து, காகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நிதானமாகப் பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.